சுமை இறக்கிய இடங்கள்

1974ஆம் ஆண்டு யூலை மாதம். கொழும்பிலிருந்து வெளிவந்த நாளிதழ் ஒன்றில் உதவி ஆசிரியனாகச் சேர்ந்து எனக்குச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. கதிர்காமக் கொடியேற்றத்துக்குக் காட்டுவழியே நடந்து செல்லும் அடியார்களைப் பற்றி ஒரு விவரணக் கட்டுரை வேண்டுமென்று ஆசிரியர் பணித்தார். பொத்துவில் வரை பேருந்திற் சென்று, அங்கு ஒரு கூட்டத்தாருடன் சேர்ந்துகொண்டேன். அவர்களுட் சிலர் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்தே நடந்து வந்தவர்கள். ஏறத்தாழ இரண்டு மாத நடை. வற்றாப்பளை, வெருகல், சித்தாண்டி, மாமாங்கம், மண்டூர், திருக்கோவில் எனக் கோயில் கோயிலாகத் தங்கித் தங்கி வந்திருந்தார்கள். கூட்டத்திற் சப்பாத்து அணிந்திருந்தவன் நான் ஒருவனே.

உகந்தை முருகனை வணங்கிக் காட்டுக்குள் இறங்கி, குமுக்கன் ஆற்றங்கரையை அடைந்தபோது என் இரு குதிகால்களும் கொப்பளித்திருந்தன. கோடையில் அந்த ஆறு மெலிந்து மணலாகக் கிடக்கும். மணலைக் கையால் தோண்டினால் ஊற்று நீர் கசியும். கரையில் பெரும் பெரும் மருத மரங்கள். மறுநாள் அங்கேயே தங்குவதென்று வேல் தாங்கி வந்த சாமியார் அறிவித்தார். எனக்கோ அவசரம். கட்டுரையை எழுதி அனுப்ப வேண்டும். "ஏன் ஒரு நாளை வீணாக்க வேண்டும்?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். ஒருவரும் கோபிக்கவில்லை. காரைநகரிலிருந்து வந்திருந்த ஓர் ஆச்சி மாத்திரம் என் கால்களைப் பார்த்துவிட்டு, "தம்பி, சப்பாத்தைக் கழற்றினால் நாளைக்குத் திரும்பப் போட ஏலாது. இப்ப கழற்றிப்போட்டு நாளைக்கு முழுக்க இரு. நாளையிண்டைக்கு வெறுங்காலோடை வா" என்றார். அவ்வாறே செய்தேன்.

அந்த ஒரு நாளில் அவர்கள் சும்மா இருக்கவில்லை என்பதை அப்போதுதான் கண்டேன். துணி துவைத்தார்கள். முள் எடுத்தார்கள். வேப்பெண்ணெய் தடவினார்கள். அரிசியை ஓரிடத்திலிருந்து வேறோரிடத்துக்குக் கொண்டுசெல்லக் கட்டுப்பாடு இருந்த காலம் அது. ஆதலால் எஞ்சியிருந்ததை எல்லோரும் ஒன்றாகக் கொட்டி அளந்து, மிச்ச நாட்களுக்குப் பங்கிட்டார்கள். ஒருவர் காய்ச்சலில் கிடந்தார். அவரால் நடக்க முடியுமா, முடியாதா என்ற முடிவும் அன்றைக்கே எடுக்கப்பட்டது. இரவில் கரடிக்கும் யானைக்கும் அஞ்சி நெருப்பு மூட்டிச் சுற்றிப் படுத்தோம். இன்ன சாதி, இன்ன ஊர் என்று அங்கு எவரும் கேட்கவில்லை. ஒருவரையொருவர் "சாமி" என்றே அழைத்துக்கொண்டார்கள்.

கட்டுரை பத்திரிகையில் வந்தது. ஆனால் அந்த ஓய்வு நாளைப் பற்றி நான் எழுதிய பந்தி இடமின்மையால் வெட்டப்பட்டது. பத்திரிகைக்காரனுக்கு இது புதிதல்ல. எனினும், நடந்து போனவர்களின் வரலாற்றை எழுதுகின்றவர்கள் புறப்பட்ட இடத்தையும் போய்ச் சேர்ந்த இடத்தையும் எழுதுகிறார்களேயன்றி, இடையில் எங்கே இருந்தார்கள், எங்கே படுத்தார்கள், எங்கே சுமையை இறக்கினார்கள் என்பதை எழுதுவதில்லை என்ற குறை அன்று முதல் என் மனத்தில் இருந்து வந்துள்ளது.

வாகனம் பரவுவதற்கு முந்திய யாழ்ப்பாணத்தில் இதற்கென்று ஓர் ஒழுங்கு இருந்தது. தெருவோரத்தில் ஒரு மடம். அருகில் ஒரு கிணறு அல்லது கேணி. மாடுகள் இறங்கி நீர் குடிக்கக் கேணிக்குச் சரிவான ஒரு பக்கம். அவை முதுகு தேய்க்க ஓர் ஆவுரஞ்சிக் கல். ஓர் ஆலோ அரசோ நிழலுக்கு. பக்கத்தில் ஒரு பிள்ளையார் அல்லது வைரவர். இவற்றோடு ஒரு சுமைதாங்கி. இவற்றையெல்லாம் தனித்தனியே பார்ப்பவர்களுக்கு இவை பழைய கற்கள். சேர்த்துப் பார்த்தால், நடக்கின்ற மனிதனுக்கும் வண்டில் மாட்டுக்கும் என்னென்ன தேவை என்று நன்கு எண்ணிச் செய்த ஏற்பாடு புலப்படும்.

சுமைதாங்கியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றைய பிள்ளைகளுக்கு அச்சொல் ஒரு திரைப்படப் பெயராகவும், குடும்பப் பாரம் சுமப்பவரைக் குறிக்கும் உவமையாகவுமே தெரியும். அது உண்மையில் ஒரு கட்டுமானம். இரண்டு நிறுத்து கற்களின் மேல் ஒரு கிடைக்கல்லை வைத்து அமைப்பது ஒரு வகை. சுண்ணாம்புக் கற்களால் உயரம் வேறுபட்ட படிகளாகக் கட்டுவது இன்னொரு வகை. தலையில் கடகத்தோடு வருகின்ற பெண் குனியவும் வேண்டாம், இன்னொருவர் கைகொடுக்கவும் வேண்டாம். தலை மட்டத்திலேயே சுமையைக் கல்லுக்கு நகர்த்திவிட்டு, இளைப்பாறிய பின் அப்படியே தலைக்கு மாற்றிக்கொள்ளலாம். தனியே சந்தைக்குப் போகும் ஒருத்திக்கு இதன் அருமை தெரியும். நிலத்தில் இறக்கிய பாரத்தைத் தனியே மீண்டும் தலைக்கு ஏற்றுவது எளிதன்று.

இச்சுமைதாங்கிகளிற் பல, கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்களின் நினைவாகக் கட்டப்பட்டவை. வயிற்றுச் சுமையை இறக்காமலே போனவளின் ஆன்மா அந்தப் பாரத்தோடு அலையும் என்றும், பிறர் தம் பாரத்தை இறக்க ஓரிடம் செய்துகொடுத்தால் அவளுக்கும் பாரம் குறையும் என்றும் நம்பினார்கள். இவ்வழக்கம் தமிழகத்திலும் உண்டு. பிரசவத்தில் தாய்மார் இறப்பது சாதாரணமாக இருந்த காலத்தில், ஒவ்வோர் ஊரின் தெருவோரத்திலும் நின்ற இக்கற்கள் அந்த மரணங்களின் கணக்கேடாகவும் இருந்தன. அரச ஆவணக் காப்பகத்திற் கிடைக்காத கணக்கு அது.

மடங்கள் எத்துணை நெருக்கமாக இருந்தன என்பதற்கு ஊர்ப் பெயர்களே சான்று. கந்தர்மடம், மருதனார்மடம், ஓட்டுமடம், ஆறுகால்மடம் எனக் குடாநாட்டில் எத்தனை இடங்கள்! இணுவிலில் மடத்துவாசல் என்றால் எல்லோருக்கும் தெரியும். பல இடங்களில் மடம் அழிந்து நெடுங்காலமாயிற்று. பெயர் மாத்திரம் பேருந்து நடத்துநரின் வாயில் வாழ்கிறது. தெற்கிலும் இதே கதைதான். நமது அம்பலம் என்ற சொல்லோடு உறவுடைய அம்பலம என்ற சிங்களச் சொல் வழிப்போக்கர் தங்கும் மண்டபத்தைக் குறிக்கும். அம்பலாங்கொடை, அம்பலாந்தோட்டை என்னும் பெயர்களில் அது ஒலிக்கின்றது. குருநாகல் மாவட்டத்துப் பனாவிட்டிய அம்பலத்தின் மரச்செதுக்கல்களைக் காண்பதற்கென்றே ஒருமுறை வழிமாறிச் சென்றிருக்கிறேன். கொழும்பு - கண்டி வீதியில் கடுகண்ணாவையில் உள்ள அம்பலத்தைப் பலர் வாகனத்திலிருந்து பார்த்திருப்பர், இறங்கி இருந்து பார்த்தவர்கள் குறைவு. வழிநடைத் தூரத்தை அரசன் ஒருவன் கவனத்திற் கொண்டமைக்கு, 12ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பொலன்னறுவையை ஆண்ட நிசங்கமல்லன் நாட்டிய காவதத் தூண்கள் சான்று பகர்கின்றன.

இந்த மடங்களை நான் ஒரேயடியாகப் புகழப்போவதில்லை. எல்லா மடமும் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. கோயிலுக்குள்ளும் கிணற்றடியிலும் இருந்த சாதித் தடை திண்ணையிலும் இருந்தது. சிலர் திண்ணையில் ஏறலாம், சிலர் மரத்தடியோடு நிற்க வேண்டும். கோயிற் கதவுகளைத் திறப்பிக்க 1968இல் மாவிட்டபுரத்தில் போராட்டம் நடந்ததை நாமறிவோம். மடத்துத் திண்ணைக்காக எவரும் போராடியதாக நான் அறியேன். அதற்குள் பேருந்து வந்துவிட்டது. போராட வேண்டிய பொருளே பெறுமதி இழந்துபோயிற்று. குமுக்கன் கரையில் "சாமி" என்ற ஒரே விளியை முதன்முறை கேட்டபோது எனக்கு ஏன் அவ்வளவு வியப்பாக இருந்தது என்பதை வாசகர்கள் இப்போது விளங்கிக்கொள்ளலாம்.

கதிர்காம நடை பற்றி எழுதப்பட்டவற்றுள் என் மனத்தில் நிற்கும் ஒரு குறிப்பு சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1924இல் முருக வழிபாடு பற்றி எழுதிய ஆங்கிலக் கட்டுரையில் இருக்கிறது. 1830களில், நல்ல வீதிகளே இல்லாத காலத்தில், தமது பாட்டியார் கொழும்பிலிருந்து கதிர்காமத்துக்கு வெறுங்காலுடன் நடந்து போய் நடந்தே மீண்டார் என்கிறார் அவர். நோயுற்ற குழந்தை பிழைக்க வேண்டுமென்று வைத்த நேர்த்தி. அந்தக் குழந்தைதான் பிற்காலத்துச் சேர் முத்துக்குமாரசுவாமி. கலாயோகி ஆனந்த குமாரசுவாமியின் தந்தையார். கொழும்பின் செல்வக் குடும்பத்துப் பெண்மணி ஒருவர் எந்த அம்பலத்தில் தங்கினார், யார் நீர் கொடுத்தார் என்பவற்றை அறிய எனக்கு ஆவலுண்டு. பேரன் அவற்றை எழுதவில்லை. அவருக்கும் இடமின்மையோ, என்னவோ.

ஆங்கிலேய அரசாங்கத்துக்குக் கதிர்காம நடை ஒரு தலையிடியாகவே தெரிந்தது. கூட்டம் கூடும் இடத்தில் வாந்திபேதி பரவும் என்ற அச்சம் அதற்கு ஒரு காரணம். 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனாட் வுல்வ் இந்த உற்சவத்தை மேற்பார்வை செய்யச் சென்றவர். 1913இல் வெளிவந்த அவரது நாவலில் காட்டு மக்களின் யாத்திரை ஒன்று வருகிறது. அவரைப் போன்ற உத்தியோகத்தர்கள் தங்குவதற்கு வேறோர் ஏற்பாடு இருந்தது. அதுதான் வாடிவீடு. கட்டில், நுளம்புவலை, சமையற்காரன், வருகைப் புத்தகம் எல்லாம் உண்டு. மடத்தில் எவரும் பெயர் எழுதுவதில்லை. வாடிவீட்டில் எழுதாமல் தங்க முடியாது. ஆகவே வாடிவீட்டில் தங்கியவர்களை வரலாற்றாசிரியர் அறிவார்.

பெயர் எழுதப்படாதவர்களுள் மிகப் பெரிய கூட்டம் மன்னார்க் கரையில் வந்திறங்கியது. 1823இல் கம்பளைப் பகுதியிற் கோப்பித் தோட்டத்துக்குத் தென்னிந்தியத் தொழிலாளர் கொண்டுவரப்பட்டதிலிருந்து மலையகத் தமிழர் வரலாறு தொடங்குவதாகக் கொள்வர். 1830களிலிருந்து கோப்பி பெருகப் பெருக, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம் ஆகிய பகுதிகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரமாயிரமாக வந்தார்கள். தோணியில் வந்து மன்னாரில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளைக்கு நடை. ஏறத்தாழ நூற்றைம்பது மைல். வறண்ட காடு. முன்னே கங்காணி, தலையில் மூட்டை, கங்காணியிடம் பெற்ற முற்பணம் என்ற இன்னொரு மூட்டை. கோப்பி பருவப் பயிராதலால் பறிப்பு முடிந்ததும் பலர் இதே வழியால் ஊர் திரும்பினர். அதாவது ஒருவர் இந்தக் காட்டை ஒருமுறையன்று, பல முறை கடந்தார்.

இந்த வழியில் தொடக்கத்தில் தங்குமிடம் என்று சொல்லத்தக்க எதுவும் இருக்கவில்லை. குளத்தின் ஓரத்திலோ மரத்தடியிலோ இருந்தார்கள். கிடைத்த நீரைக் குடித்தார்கள். வாந்திபேதியும் மலேரியாவும் பிடித்தன. நடக்க முடியாதவன் இருந்த இடத்திலேயே விடப்பட்டான். நான் மேலே சொன்ன குமுக்கன் ஆற்றங்கரையில் காய்ச்சற்காரர் ஒருவருக்காக ஒரு கூட்டமே ஆலோசித்தது. இங்கோ கூட்டம் கங்காணிக்குக் கட்டுப்பட்டது, கங்காணி தோட்டத்துரைக்குக் கட்டுப்பட்டவர். காத்திருக்கும் உரிமை எவருக்கும் இருக்கவில்லை. மாண்டவர் தொகை பற்றிப் பலவாறான மதிப்பீடுகள் உண்டு. அக்காலப் பத்திரிகைகளே அதை ஒரு பெரும் ஊழலாக எழுதும் அளவுக்கு அத்தொகை இருந்தது என்பது மாத்திரம் உறுதி. பழைய பத்திரிகைத் தொழிலின் பெருமைகளுள் ஒன்றாக அதை நான் கருதுகிறேன்.

தொழிலாளர் வராது போனால் கோப்பி அழியும் என்பது விளங்கிய பிறகே அரசாங்கம் அசைந்தது. ஆள்பதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில், 1858இல், குடிவரவுத் தொழிலாளர் தொடர்பாகச் சட்டமியற்றி ஓர் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. வடக்கு வீதி எனப்பட்ட இந்த வழியிற் காலப்போக்கில் கொட்டில்கள், கிணறுகள், வைத்தியசாலைகள் என்பன ஏற்பட்டன. தருமத்துக்காகக் கட்டப்பட்ட மடத்துக்கும், கூலியாள் உயிரோடு போய்ச்சேர வேண்டுமென்பதற்காகக் கட்டப்பட்ட கொட்டிலுக்கும் வேறுபாடு உண்டுதான். ஆனால் அந்தக் கொட்டிலையேனும் அரசாங்கம் கட்டிற்று. அதே நூற்றாண்டில் யாழ்ப்பாணத்துச் சைவச் செல்வர்கள் தத்தம் ஊரில் மடங்களையும் கேணிகளையும் கட்டினார்கள். சிதம்பரத்தில்கூட யாழ்ப்பாணத்தாரின் தருமம் இருந்தது. மன்னாரிலிருந்து மாத்தளை வரை தமிழ் பேசிக்கொண்டே மடிந்தவர்கள் அவர்களின் கண்ணிற் பட்டதாகத் தெரியவில்லை. கசப்பான இவ்வுண்மையை நாமே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

மாத்தளையில் அந்த நடை ஒருவாறு முடிவுக்கு வந்தது. தோட்டம் தோட்டமாகப் பிரிவதற்கு முன் எல்லோரும் இளைப்பாறிய இடம் அது. இன்று வானளாவிய கோபுரத்தோடு நிற்கும் முத்துமாரியம்மன் கோயில், அவ்வாறு வந்து தங்கியவர்கள் மரத்தடியில் வைத்து வணங்கிய அம்மனிலிருந்து வளர்ந்தது என்பர். உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் மாரியைத்தானே முதலில் கும்பிட்டிருப்பார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வடக்கு வீதி கைவிடப்பட்டுத் தொழிலாளர் கொழும்பு வழியாக வந்தனர். 1914இல் தலைமன்னாருக்கு ரயில் வந்தது. மண்டபம் முகாமும் ரயிற் பெட்டியும் வந்தபின் காட்டுநடை கதையாயிற்று. 2023இல், இருநூறு ஆண்டு நிறைவை ஒட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நினைவு நடை ஒன்று நடைபெற்றது. யூலை 28இல் தொடங்கி ஓகஸ்ட் 12இல் முடிந்தது. வயது இடங்கொடுக்காமையால் நான் நடக்கவில்லை. எந்த ஊரில் யார் தங்க இடம் கொடுத்தார்கள் என்பதையே ஒவ்வொரு நாளும் செய்திகளில் தேடிப் படித்தேன்.

எனது சொந்த வாழ்வில் நான் நடந்த இன்னொரு நடையையும் சொல்லியாக வேண்டும். அது யாத்திரையன்று. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் வெளியேறியது. சில இலட்சம் மக்கள், ஒரே வீதி, நாவற்குழிப் பாலம் என்ற ஒரே வாயில். மழை வேறு. கொக்குவிலில் இருந்து நானும் மனைவியும் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனோம். ஓட இடமில்லாததால் உருட்டினோம். விடியும் வேளையில் கைதடிக்கு அப்பால் வீதியோரத்தில் ஒரு பழைய சுமைதாங்கியைக் கண்டேன். அது அங்கே இருப்பதை அதற்கு முன் நூறு தடவை பேருந்தில் போயும் கவனித்ததில்லை. முன்னே நடந்துகொண்டிருந்த ஒரு தாய் இடுப்பிலிருந்த பிள்ளையை அதன்மேல் இருத்திவிட்டு, மரத்துப்போன கையை உதறினாள். பின்னால் வந்தவர்கள் வரிசையாக நின்றார்கள் என்றால் நம்புவீர்களா? ஒருவர் தையல் இயந்திரத்தின் தலையை வைத்து எடுத்தார். ஒருவர் அரிசி மூட்டையை வைத்து எடுத்தார். எவரும் ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்தவருக்கு இடம் விட வேண்டுமே. நான் சைக்கிள்காரனாதலால் எனக்கு முறை வரவில்லை. கேட்கவுமில்லை.

அன்றிரவு எத்தனையோ கோயில் மண்டபங்களும் பாடசாலைகளும் தேவாலயங்களும் மடங்களாயின. நாங்கள் சாவகச்சேரியில் முன்பின் அறியாத ஒருவரின் மாட்டுக்கொட்டிலில் தங்கினோம். வீட்டுக்காரர் மாட்டை வெளியே கட்டிவிட்டு இடம் தந்தார். அவர் எங்கள் ஊரைக் கேட்டார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

போர் முடிந்தபின் வீதிகள் அகலமாயின. அகலமாக வேண்டியவையே, அதில் எனக்குக் குறையில்லை. வேலை நடந்த காலத்தில் தெருவோரச் சுமைதாங்கிகளும் ஆவுரஞ்சிக் கற்களும் கற்குவியலோடு கற்குவியலாக அள்ளப்பட்டதைக் கண்டேன். பொறுப்பாக நின்ற ஒருவரிடம் ஒன்றையாவது பத்தடி தள்ளி நாட்டக்கூடாதா என்று கேட்டேன். வரைபடத்தில் அப்படி ஒன்று இல்லை என்றார். அவர் சொன்னது பொய்யன்று. வரைபடம் வரைந்தவர் வாகனத்தில் வந்திருப்பார்.

முற்றாக எல்லாம் போய்விடவுமில்லை. பருத்தித்துறையிலிருந்து தும்பளைக்குச் செல்லும் வீதியில் தெருமூடிமடம் இன்றும் நிற்கிறது. பெயருக்கேற்பத் தெருவையே மூடி நிற்கும் கட்டடம். நடுவே வீதி, இருபுறமும் உயர்ந்த திண்ணைகள், கற்றூண்கள், மேலே கூரை. இலங்கையில் இதைப்போல் இன்னொன்றை நான் கண்டதில்லை. தொல்லியற் சின்னமாக அதனைப் பேணுகிறார்கள். சென்ற முறை போனபோது திண்ணையில் இரண்டு முதியவர்கள் இருந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள். மோட்டார் சைக்கிள்கள் அவர்களுக்கு நடுவே ஒலி எழுப்பிக்கொண்டு போயின.

திரும்பும்போது கைதடியில் இறங்கி அந்தச் சுமைதாங்கி நின்ற இடத்தைத் தேடினேன். இப்போது அவ்விடத்தில் கொங்கிறீற் வடிகாலும் ஒரு மதகும் இருக்கின்றன. சந்தையால் வந்த ஒரு பெண் கீரைக் கடகத்தைத் தலையிலிருந்து இறக்க இடம் பார்த்தார். மதகுக் கட்டு இடுப்பளவுதான். "அண்ணை, ஒருக்கால் பிடிச்சு விடுறியளே?" என்றார். பிடித்து இறக்கினேன். அவர் மதகில் இருந்து வெற்றிலை போட்டு முடியும் வரை, மீண்டும் தூக்கிவிடுவதற்காக நானும் பக்கத்தில் இருந்தேன்.